தாத்தாவின் ரைஃபிளுக்கு ஸ்பேர் தேடுவது எப்படி: மலைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழைய எஸ்டேட் வீடுகளில் இன்னும் சில இங்கிலீஷ் ரைஃபிள்கள் இருக்கின்றன. துரை கப்பல் ஏறும்போது கணக்கப்பிள்ளைக்கோ பக்கத்துத் தோட்டக்காரருக்கோ கொடுத்துவிட்டுப் போனவை. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்து, அதில் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டை இழுத்து வெளியே போடும் கொக்கி) உடைந்தோ ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) தேய்ந்தோ இருந்தால், உடனே போனை எடுத்துத் தேடத்தான் தோன்றும். வெளிநாட்டுக் கடை ஒன்றில் அதே பாகம் இருக்கும், விலையும் பரவாயில்லாமல் இருக்கும், கார்டில் பணம் கட்டினால் கூரியரில் வந்துவிடும் போல இருக்கும்.

பணம் கட்டாதீர்கள். முதலில் காகிதம், அப்புறம்தான் பாகம். காகிதத்தைச் சரிசெய்யப் போய், பாகமே தேவையில்லை என்று முடிவு செய்தவர்களும் உண்டு.

1. தோட்டா இல்லை என்று பாருங்கள்

குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, போல்ட்டை (பின்பக்கம் இழுத்துத் திறக்கும் தாழ்) திறந்து, சேம்பரையும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) மேகசினையும் (மற்ற தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். திறக்க வரவில்லையா, தட்டாதீர்கள், அப்படியே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

2. துப்பாக்கி யார் பேரில் இருக்கிறது?

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அதை அலமாரியிலேயே வைத்துக்கொள்ள முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அதன் பிறகு வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற பத்திரம் எல்லாம் சேர்த்துக் கலெக்டர் ஆபீஸில் உங்கள் பேருக்கு விண்ணப்பம். தாத்தா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது: 2016 ஆயுத விதிகள்படி, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ துப்பாக்கி அவரிடம் 25 வருடம் இருந்திருந்தாலோ வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். இதைப் பெரியவர் தெம்பாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், பின்னால் பங்காளிகளிடம் கையெழுத்து வாங்க அலைய வேண்டியிருக்காது.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். வாரிசாக வருவதும் அந்த இரண்டுக்குள்தான் அடக்கம். லைசென்ஸ் காலம் மட்டும் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாகக் கூடியது. பழைய லைசென்ஸ் புத்தகத்தில் யு.ஐ.என். என்ற தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத லைசென்ஸ் செல்லாது.

மலைக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி உண்டு, கீழ்நாட்டில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் லைசென்ஸ்காரர்கள் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும், அவர் ஒப்புதல் இல்லாமல் அந்த எல்லைக்குள் புது லைசென்ஸும் கிடையாது. முதுமலையைச் சுற்றி மசினகுடிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். பழனி மலையில் கொடைக்கானல் சரணாலயம் 2013-ல்தான் அறிவிக்கப்பட்டது, அதனால் அங்கே பலருக்கு இது புதிது. 31-ஆம் பிரிவு இன்னும் கறார்: எழுத்தில் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையவே கூடாது. கூடலூரிலிருந்து துப்பாக்கியைக் காரில் போட்டுக்கொண்டு முதுமலை வழியாக மைசூருக்கு ரிப்பேருக்குக் கிளம்பும் முன் இதை யோசியுங்கள்.

3. என்ன துப்பாக்கி, என்ன போர் (குழலின் உள்விட்டம்)?

குழலிலும் ரிசீவரிலும் (போல்ட் ஓடும் நடு உடல்) இருக்கும் எழுத்துகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுங்கள். தேய்த்து மெருகேற்ற வேண்டாம், எண் அழிந்தால் பெரிய தலைவலி. தயாரிப்பாளர் பெயர், சீரியல் எண், லண்டன் அல்லது பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரை, போர் அளவு, இவைதான் வேண்டும். மூன்று துப்பாக்கியைக் கூம்பாகச் சாய்த்து வைத்த படம் இருந்தால் அது பி.எஸ்.ஏ. என்ற பர்மிங்ஹாம் கம்பெனியின் தயாரிப்பு.

போர் அளவில்தான் எல்லாக் கதையும் இருக்கிறது. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு .450 போர் இந்தியாவுக்குள் வரக்கூடாது என்று தடுத்தது, தோட்டா கலகக்காரர்கள் கைக்குப் போகும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுசாகச் செய்து அனுப்பின. இன்று நாம் அபூர்வம் என்று கொண்டாடும் பெரிய டபுள் ரைஃபிள்கள் (இரட்டைக் குழல்) பலவும் ஒரு இறக்குமதி விதிக்குப் பிறந்த பிள்ளைகள். .315 கதையும் அதே மாதிரிதான். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட போர், அதனால் இஷாப்பூர் தொழிற்சாலை லீ என்ஃபீல்ட் அமைப்பிலேயே .315 செய்து கொடுத்தது.

உங்களுடையது .303 என்று தெரிந்தால் லைசென்ஸ் கலெக்டர் அளவில் முடியாது, உள்துறை அமைச்சகம் வரை போகிற சமாச்சாரம். .315 என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, பாகமும் கிடைக்கும், தோட்டாவும் உள்நாட்டிலேயே கிடைக்கும். .470, .405 மாதிரி என்றால் எக்ஸ்ட்ராக்டர் கிடைத்தாலும் இழுத்து வெளியே போடத் தோட்டா வேண்டுமே, அதை இங்கே யாரும் செய்வதில்லை. என்னைக் கேட்டால், அந்த ரகத்துக்குச் செலவு செய்யாமல் துரு ஏறாமல் காப்பாற்றினால் போதும்.

4. வெளிநாட்டிலிருந்து ஏன் வராது?

ஆயுதச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதிலேயே அதன் பாகங்களும் அடங்கும். சில்லறைப் பாகங்களுக்கு 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறதே என்று சிலர் காட்டுவார்கள். முழுசாகப் படியுங்கள்: மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாதபோதுதான் அந்த விலக்கு. நீங்கள் மாட்டத்தானே வாங்குகிறீர்கள்! பழசு, ரிப்பேர் என்ற விலக்கும் அப்படித்தான், ரிப்பேர் செய்தாலும் சுடாது என்ற நிலையில் இருந்தால்தான் பொருந்தும்.

ஆகவே இறக்குமதிக்குப் 10-ஆம் பிரிவு லைசென்ஸ் வேண்டும், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் அனுமதியும் வேண்டும். 1980களின் நடுவிலிருந்தே தனியாட்களுக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடித்தான் கிடக்கிறது, துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு மட்டும் கொஞ்சம் திறந்திருக்கிறது. சுங்கப் பட்டியலில் துப்பாக்கிப் பாகங்களுக்கு 9305 என்று தனி எண்ணே உண்டு. ‘மெஷின் பார்ட்’ என்று எழுதி அனுப்பச் சொல்லும் புத்திசாலிகளை நம்பாதீர்கள், பார்சலில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும்.

அனுப்பும் நாட்டின் விதியும் நிலையாக இல்லை. அமெரிக்காவில் சாதாரண வேட்டை ரைஃபிள்களின் ஏற்றுமதி 2020-ல் வெளியுறவுத் துறையிலிருந்து வர்த்தகத் துறைக்கு மாறியது, 2024-ல் இறுக்கினார்கள், 2025-ல் தளர்த்தினார்கள். ஆக, பழைய கட்டுரை எதையாவது படித்துவிட்டு ஆர்டர் போடாதீர்கள்.

ரைஃபிளையே லண்டனுக்கு ரிப்பேருக்கு அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். நூறு வருடம் தாண்டியது என்றால் 1972 தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரலாம், அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

5. சரி, எங்கேதான் தேடுவது?

லைசென்ஸ் உள்ள கடைகளில். பழைய துப்பாக்கிக் கடைகளில் சுட முடியாத நிலையில் ஒப்படைத்த துப்பாக்கிகளும், முன்பு வாங்கிப்போட்ட ஸ்பிரிங், பின், ஸ்க்ரூ பெட்டிகளும் இருக்கும். போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். எடுத்த படங்களோடும் லைசென்ஸ் நகலோடும் நேரில் போங்கள். ரைஃபிளையே எடுத்துப்போவது என்றால் லைசென்ஸில் எந்த எல்லை வரை என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலந்து அண்ட் ஹாலந்து போன்ற கம்பெனிகள் இன்னும் நடக்கின்றன, பழைய பேரேடுகளையும் வைத்திருக்கின்றன. சீரியல் எண் கொடுத்துக் கட்டணம் கட்டினால் உங்கள் ரைஃபிளின் முதல் விவரம் கிடைக்கும். விவரத்துக்குச் சுங்கம் கிடையாது, ரிப்பேர்காரருக்கும் அது பெரிய உதவி.

பாகம் கிடைக்கவே இல்லை என்றால் செய்து போடுவதுதான் வழி. கோயம்புத்தூர் லேத் பட்டறையில் ஒரு ஃபயரிங் பின் கடைவது பெரிய வேலையே இல்லை, ஆனால் கொடுக்காதீர்கள். துப்பாக்கி ரிப்பேருக்கு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு லைசென்ஸ் தேவை. அது இல்லாமல் செய்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே ஏழு வருடம் சிறை, பட்டறைக்காரரையும் சேர்த்துக் கெடுப்பீர்கள். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரரிடம் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்குங்கள்.

6. திரும்பி வந்த பிறகு

நம் ஊர் ஈரம் பொல்லாதது. கூடலூரில் தென்மேற்கு, குன்னூரில் வடகிழக்கு, இரண்டிலும் கட்டை ஊதும், இரும்பு பூக்கும். தோல் உறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பூட்டிய இரும்பு அலமாரி, உள்ளே சிலிக்கா ஜெல், மழை மாதங்களில் அடிக்கடி திறந்து பார்ப்பது. போல்ட்டைக் கழற்றித் தனியாகப் பூட்டி வையுங்கள். லைசென்ஸ் முடியும் தேதியை அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள், எண்ணெய் போடத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும்.