தட்டை மாற்றாமல் எடை குறைப்பது எப்படி: எண்ணெய், சோறு, காபிக் கணக்கு

எடை குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் பல வீடுகளில் ஓட்ஸ், கிரீன் டீ, தேன், சிறுதானிய மாவு என்று ஒரு பை நிறைய வாங்கி வருவார்கள். வீட்டில் எல்லாருக்கும் இட்லி சாம்பார், தனக்கு மட்டும் தனிச் சமையல் என்ற ஏற்பாடு இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். வழக்கமான சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் மூன்று நான்கு இடங்களை மட்டும் அளந்து குறைப்பது அதைவிட எளிது, நெடுநாள் நிற்கும். அந்த இடங்கள் எவை, எவ்வளவு குறைக்கலாம், எங்கே தவறும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சோறு மட்டும் குறைந்தால் ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எடை குறையும்போது ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கட்டுரையில் உள்ள அளவுகள் பொருந்தாது.

எடை அதிகமா என்று பார்க்க, கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுங்கள். நம்மவர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். மற்ற நாட்டவருக்கான 25, 30 என்ற கணக்கு நமக்கு ஒத்துவராது. அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல் என்பதே காரணம். அதனால் இடுப்பளவையும் எடுத்துவிடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. வயிற்றை எக்கிக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

முதல் இலக்காக இப்போதைய எடையில் 5 சதவீதம் வைத்தால் போதும். 70 கிலோ என்றால் மூன்றரைக் கிலோ. அந்த அளவுக்கே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும்.

500 கலோரி எங்கிருந்து வரும்

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. தினம் 500 கலோரி குறைத்தால் தொடக்கத்தில் வாரம் அரைக் கிலோ இறங்கும். 155 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை, 40 வயது, அதிகம் நடமாட்டம் இல்லாத ஒரு பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 1800 கலோரி செலவாகிறது. அவர் 1300 முதல் 1400 வரை சாப்பிட்டால் சரியாக இருக்கும். மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1200-க்கும் ஆண்கள் 1500-க்கும் கீழே போக வேண்டாம்.

பட்டினி கிடக்காமல் அந்த 500-ஐ இப்படி எடுக்கலாம்.

எண்ணெய். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் 4 லிட்டர் தீர்ந்தால், தலைக்கு ஒரு லிட்டர். ஒரு லிட்டர் எண்ணெயில் 8000 கலோரிக்கு மேல். அதாவது ஆளுக்குத் தினம் 270. இதை அரை லிட்டராக்கினால் 135 மிச்சம்.

காபி, டீ. நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றிலும் 2 டீஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையே 160 கலோரி. இரண்டு முறை, ஒரு டீஸ்பூன் என்று மாற்றினால் 120 மிச்சம். குறைந்த இரண்டு தம்ளரின் பால், தம்ளருக்கு 100 மில்லி வீதம், இன்னொரு 115. பாலிலும் வித்தியாசம் உண்டு. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதக் கொழுப்பு, நீல பாக்கெட்டில் 3. வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரைக்கு மாறுவதால் கலோரி குறையாது.

சோறு. மதியம் 300 கிராம் சோறு சாப்பிடுபவர் 200 கிராமுக்கு வந்தால் 130 மிச்சம். 200 மில்லி தம்ளரில் சோற்றை அமுக்காமல் நிரப்பினால் சுமார் 140 கிராம் பிடிக்கும். ஆக, ஒன்றரைத் தம்ளர் சோறு. கண் அளவை நம்ப வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசில் ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள், பிறகு கை பழகிவிடும்.

மூன்றையும் கூட்டினால் 500. பட்டியலில் இருந்து ஒரு பதார்த்தம்கூடப் போகவில்லை.

எண்ணெயைக் குறைக்கும் கைப்பழக்கம்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம். டப்பாவைச் சாய்த்து நேராக வாணலியில் ஊற்றும் வரை எந்தக் கணக்கும் நிற்காது. மாதத்தின் முதல் நாள் அந்த மாதத்துக்கான எண்ணெயைத் தனியாக எடுத்து வையுங்கள். வாரா வாரம் எவ்வளவு இறங்க வேண்டும் என்று பாட்டிலில் கோடு போட்டுவிடுங்கள். அடுப்பருகே ஒரு டீஸ்பூன் மட்டும் இருக்கட்டும். நல்லெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இதே கணக்கில் சேரும். செக்கு எண்ணெய்க்கும் சலுகை கிடையாது.

அரைக் கிலோ பீன்ஸ் பொரியலுக்கு 2 டீஸ்பூன் போதும். எண்ணெய் சூடானதும் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு உப்புச் சேர்த்து, கால் தம்ளர் தண்ணீர் தெளித்து மூடுங்கள். சிறு தீயில் 8 நிமிடம். திறந்து ஈரம் வற்றும்வரை பிரட்டி, 2 மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு இறக்குங்கள். ஒரு மூடி தேங்காயைத் துருவிப் போட்டால் அதில் மட்டும் 350 கலோரி ஏறிவிடும். கத்தரிக்காய் பஞ்சு போல எண்ணெயைக் குடிக்கும். அதை முதலில் ஆவியில் முக்கால் பதம் வேகவைத்துவிட்டுத் தாளிப்பில் சேர்க்க வேண்டும். வெண்டைக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் நறுக்குங்கள். அகலமான வாணலியில் மூடாமல் வதக்கி, உப்பைக் கடைசியில் போட்டால் கூடுதல் எண்ணெய் இல்லாமலே கொழகொழப்பு அடங்கும்.

தோசையைச் சுற்றி ஒரு சுற்று ஊற்றினால் 2 டீஸ்பூன் போய்விடும். மூன்று தோசைக்கு அது 240 கலோரி. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, எண்ணெயில் தொட்டுக் கல்லில் தேய்த்தால் கால் டீஸ்பூன்கூட ஆகாது. அப்படிச் செய்யும்போது தோசை ஒட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் கல் சரியாகக் காயவில்லை, அல்லது மாவு ஃபிரிட்ஜ் குளிரோடு இருக்கிறது. மாவை அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கல்லில் தண்ணீர் தெளித்தால் சுரீரென்று மறைய வேண்டும். கரண்டியோடு மாவு சுருட்டிக்கொண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இட்லி லேசான உணவுதான். மூன்று இட்லி 170 கலோரிக்குள் அடங்கும். ஆனால் பொடிக்கு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் குழைத்தால் அதுவே 120. எண்ணெயை ஒரு டீஸ்பூனாக்கி, மீதிக்குச் சாம்பாரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

பசி அடங்கப் பருப்பும் முட்டையும்

சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கும். அதில் 100 கிராம் 500 கலோரிக்கு மேல். பசியைத் தாங்குவது புரதமும் நாருமே. 70 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 60 முதல் 70 கிராம் புரதம் எடுக்கலாம். நம் வழக்கமான சாப்பாட்டில் இது அரிதாகவே வருகிறது. நான்கு பேருக்கு அரைத் தம்ளர் துவரம்பருப்பில் வைக்கும் சாம்பாரில் ஆளுக்கு 5 கிராம்கூடத் தேறாது. முழுத் தம்ளர் போட்டால் 9 கிராம் வரும். இரண்டு முட்டையில் 12, இரண்டு கிண்ணம் தயிரில் 6, 100 கிராம் மீனில் 20, அரிசி கோதுமை வகையில் இன்னொரு 20. சைவம் என்றால் 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் 9, 25 கிராம் மீல்மேக்கரில் 13, 50 கிராம் பன்னீரில் 9. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

தட்டில் பாதி இடம் காய்க்கு. உருளை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி எல்லாம் சோற்றுக் கணக்கில் போக வேண்டியவை, காய்க் கணக்கில் அல்ல. முதலில் காயையும் கூட்டையும் பாதி சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் இரண்டாம் முறை போடச் சொல்லும் ஆசை தானாகவே குறையும்.

சமைப்பவருக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பாத்திரத்தில் மிஞ்சியதைச் சாப்பிடுவது, பிள்ளை வைத்த அரைத் தோசையை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது, ருசி பார்க்க எடுப்பது எல்லாம் எந்த அளவிலும் வராதவை. உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். வீட்டில் உங்கள் வயிறு குப்பைக்கூடைக்கு மாற்று இல்லை.

நம்பிக்கைகள் சில

சிறுதானியத்தில் நார் அதிகம், நல்லது. ஆனால் தினை, சாமை, கம்பு, கேழ்வரகு எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரி, அரிசியும் அதே வரிசைதான். அளவில்லாமல் சாப்பிட்டால் எடை ஏறும். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பதும் அப்படியே. எண்ணெய் தடவிய மூன்று சப்பாத்தி 400-ஐத் தாண்டும், 200 கிராம் சோறு 260. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. அதிலுள்ள புரதமும் நாரும் வயிற்றை நிரப்பி, மற்றதைக் குறைவாகச் சாப்பிட வைக்கும், அந்த வகையில் கொள்ளு ரசமும் சுண்டலும் நல்ல துணை. வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி தேன் என்பது அறுபது கலோரிக்கு மேல் கூட்டுவது மட்டுமே.

தைராய்டு மாத்திரையை எடை குறைக்க எடுப்பது இதயத் துடிப்பைக் கெடுக்கும், ஒருபோதும் கூடாது. தைராய்டு குறைபாட்டுக்கு எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காபியோடு போட்டால் மருந்து சரியாகச் சேராது.

நடை எவ்வளவு உதவும்

70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். பூங்கா வாசலில் ஒரு மெதுவடையும் டீயும் அதைத் தின்றுவிடும். அதற்காக நடையை விட வேண்டாம். வாரம் 150 நிமிட நடை சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் நல்லது, குறைந்த எடையைத் தக்கவைக்கவும் உதவும். பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சியை. அது இல்லாமல் எடை குறைந்தால் கொழுப்போடு தசையும் போகும். வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை, சுவரில் கையூன்றித் தண்டால் 10 முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது 10 முறை. இதை மூன்று சுற்று.

தராசு பொய் சொல்லும் நாட்கள்

காலையில் கழிவறை போய் வந்தபின், காபிக்கு முன், மிதியடி மேல் இல்லாமல் கெட்டியான தரையில் தராசை வைத்துப் பாருங்கள். வாரத்தின் ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்த சராசரியை மட்டும் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். முதல் வாரம் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர். உடலில் சேமித்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது செலவாகும்போது தண்ணீரும் இறங்குகிறது. கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறியிருந்தால் அதுவும் உப்பும் தண்ணீரும்தான். அன்று பட்டினி போட்டுப் பழி தீர்க்காமல் வழக்கமான அளவுக்குத் திரும்பினால் மூன்று நாளில் சரியாகிவிடும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு கிலோ ஏறுவது சகஜம், ஆகவே போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவதே நியாயம்.

வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் மகிழ வேண்டாம். பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்து கூடும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாக உதிரும். சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். எதையும் மாற்றாமலே எடை இறங்கினால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் எடை நின்றுவிடும். சிறிய உடலுக்குச் செலவும் குறைவு என்பது ஒரு காரணம். அளவு மெல்ல மெல்லப் பழையபடி பெருகியிருப்பது இன்னொன்று. மீண்டும் ஒரு வாரம் சோற்றையும் எண்ணெயையும் நிறுத்துப் பாருங்கள், ஒன்றரைத் தம்ளர் இரண்டாகியிருக்கும். அளவு சரியாகவே இருந்து சராசரி நான்கு வாரம் அசையாமல் நின்றால், தினம் 100 கலோரி இன்னும் குறைக்கலாம், அல்லது நடையில் 20 நிமிடம் கூட்டலாம். களைப்பாக இருந்தால் இரண்டு வாரம் எடை ஏறாத அளவுக்குச் சாப்பிட்டு இளைப்பாறிவிட்டுத் தொடரலாம். இலக்கை எட்டியபின் ஒரே நாளில் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாமல், தினசரி அளவில் வாரத்துக்கு 100 கலோரியாக, ஒரு வாரம் ஒரு தோசை, அடுத்த வாரம் அரைத் தம்ளருக்கும் சற்று மேல் சோறு என்று கூட்டி, சராசரி எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.