கிழிந்த பைக் சீட்டுக்கு நானே கவர் மாட்டின கதை

மழை விட்டு ரெண்டு நாள் ஆனாலும் பைக்கில் உட்கார்ந்தால் பேன்ட் ஈரம். தையல் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். உள்ளே ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடித்துவிட்டு, உட்காரும்போதெல்லாம் கக்கியது. டேப் ஒட்டிப் பார்த்தேன். வெயிலில் பசை இளகி பேன்ட்டில் ஒட்டியதுதான் மிச்சம்.

சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, தட்டையான ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, பழைய கவரைப் பிடித்திருந்த ஸ்டேப்பிள் பின்களைக் கட்டிங் பிளையரால் பிடுங்கினேன். பாதி துருப்பிடித்து உடைந்தது. பொறுமை போவது இங்கேதான். ஸ்பாஞ்சைப் பிழிந்து நிழலில் முழுசாகக் காயவைத்தேன். ஈரத்தோடு மூடினால் நாறும்.

ஸ்பாஞ்சின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வெயிலில் இளகவைத்த புதுக் கவரைப் போர்த்தினேன். முதல் தடவை ஒரு பக்கம் முழுக்க ஸ்டேப்பிள் அடித்துவிட்டு மறுபக்கம் போனேன்; தையல் கோணிக்கொண்டது. எல்லாவற்றையும் பிடுங்கி, முன் நடு, பின் நடு, அப்புறம் இடதும் வலதுமாக மாற்றி மாற்றி இழுத்து அடித்ததும் சரியாக உட்கார்ந்தது. ஆபீஸ் ஸ்டேப்ளர் இதற்கு உதவாது. ஸ்டேப்பிள் கன்தான் வேண்டும். 6 மி.மீ. நீள ஸ்டேப்பிள் பின் போதும். மூக்குப் பக்கம் மட்டும் இன்னும் ஒரு சுருக்கம் இருக்கிறது, டேங்க் மறைத்துவிடுகிறது.