லினக்ஸ்ல பழைய வழக்கத்தை மாத்தறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

ரங்கூன்ல நம்ம பசங்க பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி லினக்ஸ் போட ஆரம்பிச்சதும் ஒரு சண்டை தவறாம வரும், மெஷின் எழுந்ததும் மத்த சர்வீஸையெல்லாம் கிளப்பி விடற சிஸ்டம்டி எதுக்கு, கமாண்ட் புரோகிராமெல்லாம் இருக்கற பின் (/bin) ஃபோல்டரை ஏன் யூஎஸ்ஆர் (/usr) ஃபோல்டருக்குள்ள தூக்கி வச்சாங்க, பழசு நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சுன்னு. சண்டை போடட்டும், ஆனா ரெண்டு கட்சியும் கோட்டை விடற இடம் கொஞ்சம் இருக்கு.

பழசுன்னா அதுக்குப் பின்னாடி பெரிய யோசனை இருந்திருக்கும்னு நம்பறதுதான் முதல் தப்பு. 1970கள்ல பெல் லேப்ஸ்ல தாம்சனும் ரிச்சியும் பிடிபி-11 மெஷின்ல, லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸை எழுதிட்டிருந்தப்போ முதல் டிஸ்க் நிரம்பிப்போச்சு, மிச்ச புரோகிராமை யூசருங்க ஃபைல் கிடந்த அடுத்த டிஸ்க்குக்கு, அதான் யூஎஸ்ஆர், தள்ளினாங்க. இடம் பத்தல, அவ்ளோதான் கதை. பூட் ஆகவும் ரிப்பேருக்கும் வேணும்கறது பின்ல, மத்ததெல்லாம் யூஎஸ்ஆர் பின்லங்கற நியாயம் அப்புறமா வந்து ஒட்டிக்கிச்சு. அப்புறம் வந்ததுங்கறதால அது பொய்னும் சொல்லிட முடியாது, நம்ம ஊர் மாதிரி கரண்ட் சொல்லாம கொள்ளாம போற இடத்துல யூஎஸ்ஆர் பார்ட்டிஷன் கெட்டாலும் ரூட்டை, அதாவது பின் இருக்கற மெயின் பார்ட்டிஷனை மட்டும் ஏத்தி டிஸ்க்கை செக் பண்ணிக்கலாம்ல. இப்போ அந்த வேலையை பூட் ஆகறப்போ மெமரில ஏறற குட்டி சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ் பாத்துக்குது, அதனால 2012ல ஃபெடோராங்கற லினக்ஸ் வகை தன்னோட 17வது வெர்ஷன்ல ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சு.

சரி, காரணம் செத்துப்போச்சு, அப்போ மாத்தறது ஈஸிதானேன்னு நெனச்சா அது அடுத்த தப்பு, என்னைக் கேட்டா இதான் பெருசு. டெபியன்ங்கற இன்னொரு லினக்ஸ் வகைல இதை எல்லாருக்கும் கட்டாயமாக்க 2023 வரைக்கும், டெபியன் 12 வரைக்கும் ஆச்சு. பின் ஃபோல்டர் வெறும் சிம்லிங்க், அதாவது யூஎஸ்ஆர் பின்னைக் கைகாட்டற குறுக்குவழி ஆகிட்டாலும், பேக்கேஜை இன்ஸ்டால் பண்ற டீபிகேஜிக்கு (dpkg) அது தெரியாது, ரெண்டு பாத்தையும் (path) வேற வேற ஃபைல்னு நெனச்சுக்கும், ஒரு ஃபைல் ஒரே நேரத்துல பாத்தும் மாறி பேக்கேஜும் மாறினா அப்கிரேட்ல காணாமப் போக வாய்ப்பிருக்கு. ஐடியா சரிதான், ஆனா அதோட செலவு முழுக்க பேக்கேஜ் பாக்கறவங்க தலைல விழுந்துச்சு.

வழக்கத்தையும் வாக்கையும் போட்டுக் குழப்பிக்கறவங்களும் உண்டு. லினக்ஸ்ல கமாண்டைப் படிச்சு ஓட்டற எஸ்ஹெச்னா (sh) பாஷ் (bash) புரோகிராம்தான்னு எல்லாரும் பழகிட்டாங்க, ஆனா அப்படி யாரும் எழுதிக் கொடுக்கல, ஸ்டாண்டர்ட் சொல்ற எஸ்ஹெச்ல பாஷோட சொகுசெல்லாம் கிடையாது. 2006ல உபுண்டுங்கற லினக்ஸ் வகை தன்னோட 6.10 வெர்ஷன்ல அந்த இடத்துல சொகுசு இல்லாத டேஷைக் (dash) கொண்டுவந்து உக்கார வச்சதும் நிறைய ஸ்கிரிப்ட் படுத்துடுச்சு. அதே லினக்ஸோட மையமான கெர்னல் பக்கம் போனா யூசர் புரோகிராமை உடைக்கவே கூடாதுன்னு அதை உருவாக்கின லைனஸ் பிடிவாதமா நிப்பாரு, ஏன்னா அது வாக்கு.

தன் மெஷினை மட்டும் பாத்துத் தீர்ப்பு சொல்றதும் நிறைய நடக்குது. நெட்வொர்க் கார்டுக்கு இருந்த ஈத்0ங்கற (eth0) அழகான பேரை என்பி3எஸ்0னு (enp3s0) ஆக்கிட்டாங்கன்னு திட்டறவர் வீட்ல ஒரே நெட்வொர்க் கார்டுதான் இருக்கும். நாலு கார்டு உள்ள சர்வர்ல ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் பேரு மாறினா ஃபயர்வாலே தலைகீழாயிடும், அதுக்குத்தான் ஸ்லாட்டை வச்சுப் பேரு. பிடிக்கலைன்னா பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கற லைன்ல net.ifnames=0னு போடுங்க, பழையபடி ஆயிடும்.

பாலம் போடாம குதிக்கச் சொல்றது எப்படி முடியும்னு பர்மாவுல இருக்கறவங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். பர்மிய எழுத்துக்கு ஒழுங்கான யூனிகோட் 2008லயே வந்தாச்சு, அப்புறமும் ஊரு முழுக்க யூனிகோடோட ஒத்துப்போகாத பழைய ஸோஜி ஃபான்ட்லயே ஓடுச்சு, ஏன்னா முதல்ல மாறினவனுக்குத்தான் கூட்டாளி அனுப்பற மெசேஜெல்லாம் குளறுபடியாத் தெரியும். 2019 அக்டோபர் 1லதான் அரசாங்கம் அதிகாரபூர்வமா மாறுச்சு, ஃபேஸ்புக்கும் ரெண்டையும் தானா மாத்திக் காட்ட ஆரம்பிச்சதும் ஜனங்களும் நகர்ந்தாங்க. பின் ஃபோல்டர் இன்னும் சிம்லிங்க்கா அங்கேயே கிடக்கறதும் இதே கணக்குதான், அதைப் போய் டெலீட் பண்ணிடாதீங்க தம்பிகளா, சிஸ்டமே எழுந்திரிக்காது.

மாறாம இருக்கறது இலவசம்னு நெனைக்கறது பழசுக் கட்சியோட தனித் தப்பு. 2014ல டெபியன் சிஸ்டம்டிய எடுத்துக்கிட்டப்போ பிடிக்காதவங்க பிரிஞ்சுபோய் டெவுவான் ஆரம்பிச்சாங்க, 2017ல முதல் ஸ்டேபிள் ரிலீஸே விட்டாங்க. சிஸ்டம்டி இல்லாம பழைய கம்ப்யூட்டரை ஓட்டணும்னா அதைத் தாராளமா போட்டுப் பாக்கலாம், ஆனா டெபியன்ல ஒவ்வொரு பேக்கேஜ் மாறும்போதும் அங்க யாரோ உக்காந்து சிஸ்டம்டி ஒட்டிக்கிட்டு வர்ற இடத்தையெல்லாம் பிரிச்சு எடுத்துட்டிருக்காங்க.