மொட்டை மாடியில் இரும்பு ஷெட்: காற்று தூக்காமல் நிறுத்துவது எப்படி?

மாடியில் ஷெட் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "கட்டடம் தாங்குமா?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எடையைவிடக் காற்றுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

கணக்கைப் பாருங்கள். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியின்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் காற்றின் அழுத்தம் கிடைக்கும்: 1500 நியூட்டன். சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 150 கிலோ. மதுரை, கோவையில் 39 மீட்டர். அங்கேயே 90 கிலோவைத் தாண்டும். ஷெட்டின் வடிவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். 0.5 மிமீ ஷீட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 5 கிலோ அளவுதான். சுவர் இல்லாத ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

சரி, 10-க்கு 20 அடி ஷெட்டை வைத்துப் பார்ப்போம்.

1. கால்களுக்கு இடம்

கீழ்த்தளத்தின் தூண்கள் மேலே வந்து முடியும் இடங்களில்தான் ஷெட்டின் கால்கள் நிற்க வேண்டும். அது முடியாவிட்டால் பீமின் மேல். ஸ்லாபின் நடுவில் வேண்டவே வேண்டாம். இந்த ஒன்றுக்காகவாவது ஒரு பொறியாளரை மாடிக்கு அழைத்து வந்து காட்டுங்கள். உள்ளாட்சி அனுமதி பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

2. பைப் வாங்குவது

கடையில் சொல்லும் கனத்தை அப்படியே நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். 50×50 சதுரப் பைப், 3 மிமீ கனம், 6 மீட்டர் நீளம் என்றால் 25 கிலோவாவது இருக்க வேண்டும். 18 கிலோதான் வருகிறது என்றால் அது 2 மிமீ. கால்களுக்கு இதைவிடப் பெரிய பைப் போடுவது நல்லது.

3. கால் ஊன்றுவது

இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். நம் மாடிகளில் மேலே தெரிவது தட்டோடு. அதற்குக் கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கான்கிரீட் அதற்கும் கீழே. தட்டோட்டின் மேலேயே பேஸ் பிளேட்டை (காலின் அடியில் வரும் இரும்புத் தகடு) வைத்து போல்ட் அடித்தால், போல்ட்டின் பாதி நீளம் ஜல்லியிலேயே போய்விடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள், எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு மாடிக்குப் பறந்து போன ஒரு ஷெட்டைப் பார்த்தேன். வெல்டிங் ஒன்றுகூட விடவில்லை. கால்களின் அடியில் போல்ட்டுகள் நேராக நீட்டிக்கொண்டிருந்தன, நுனியில் செங்கல் தூளோடு.

அதனால் கால் வரும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி தட்டோட்டை வெட்டி எடுத்து, கான்கிரீட் தெரியும்வரை சுரண்டுங்கள். 200×200 மிமீ அளவில் 10 மிமீ பிளேட், நான்கு மூலையிலும் 12 மிமீ ஆங்கர் போல்ட் என்பது சிறிய ஷெட்டுக்கு வழக்கமாகப் போடுவது; உங்கள் ஊர்க் காற்றுக்கு அது போதுமா, எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். கெமிக்கல் ஆங்கர் (போல்ட்டைத் துளைக்குள் பசையால் ஒட்டுவது) என்றால் துளையை ஊதி, பிரஷ் விட்டுத் தேய்த்து, மறுபடி ஊதுங்கள். உள்ளே தூசி இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். பிளேட்டின் அடியில் சுருங்காத கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) ஊற்றி, சுற்றிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூசி, கடைசியில் தட்டோடு பதித்து மூடுங்கள்.

4. சட்டம் கட்டுவது

தூக்குக்குண்டு விட்டுக் கால்களை நேராக்கி, முதலில் பொட்டு வெல்டு (தற்காலிகமாகப் பிடிக்கும் சின்ன வெல்டு) மட்டும் வையுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள்: இரண்டு பக்கமும் 22 அடி நாலே கால் அங்குலம் வந்தால் சட்டத்தின் மூலைகள் செங்கோணமாக இருக்கின்றன. அதன் பிறகே முழு வெல்டு, அதுவும் பைப்பைச் சுற்றி நான்கு பக்கமும். வெல்டின் மேல் படியும் கசடைத் தட்டி எடுத்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். தட்டாமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். பைப்பின் திறந்த வாய்களையும் மூடிவிடுங்கள், மழைநீர் உள்ளே இறங்கினால் உள்ளிருந்தே துரு அரிக்கும்.

5. ஷீட்

ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூதான். ஓரங்களிலும் மூலைகளிலும் காற்று அதிகம் இழுக்கும் என்பதால் அங்கே நெருக்கமாக அடிக்கச் சொல்லுங்கள். ஷீட் ஓரத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். படபடவென்று ஆடினால் இன்னும் ஒரு வரிசை ஸ்க்ரூ வேண்டும். ஆட்கள் ஏணியை இறக்குவதற்குள் இதைப் பார்த்துவிடுங்கள்.