கால் பட்டதும் எழும்பணும்: எக்ஸ்ப்ளோசிவ் பவருக்குப் பெட்டிக் குதிப்பு

ஜிம்மில் 100 கிலோ ஸ்குவாட் போடுகிறவருக்கு வாலிபால் நெட்டுக்கு மேல் கை எட்டாமல் போவதுண்டு. பலம் இருக்கிறது, அதை வெளியே எடுக்க நேரம் போதவில்லை. தசை தன் முழு பலத்தைக் காட்ட 0.3 வினாடியாவது ஆகும். முழு வேகத்தில் ஓடும் ஸ்ப்ரின்டரின் பாதம் தரையில் இருப்பதோ சுமார் 0.1 வினாடி.

அந்தக் குறைந்த நேரத்துக்குள் பலத்தை வெளியே எடுப்பதுதான் எக்ஸ்ப்ளோசிவ் பவர். பெட்டியிலிருந்து இறங்கி, கால் தரையில் பட்டதும் மேலே குதிப்பது அதற்கான பயிற்சி. இதற்கு 30 செ.மீ. உயரத்தில் ஆடாத பெட்டி ஒன்று போதும். அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டும் மொட்டைமாடி சிமென்ட் தரையும் வேண்டாம், முன்னங்கால் எலும்பு வலி வந்துவிடும். பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம் போல சிந்தெடிக் டிராக்கோ ஜிம்மின் ரப்பர் தரையோ நல்லது. கப்பன் பார்க் புல்லும் சரிதான், காலைப் பனி ஈரம் காய்ந்த பிறகு. டிசம்பர் குளிரில் வார்ம்அப்பை 15 நிமிடமாவது செய்யுங்கள்.

பெட்டியிலிருந்து எகிறிக் குதிக்காதீர்கள்; ஒரு காலை முன்னே வைத்து அப்படியே இறங்குங்கள். இரண்டு பாதமும் சேர்ந்து விழ வேண்டும், எடை முன்பாதத்தில், முட்டி உள்பக்கம் சரியக் கூடாது. பட்டதும் மேலே. இறங்கும்போது இழுபடும் தசைநார் ரப்பர் போல விசையைச் சேர்த்து வைக்கிறது. உட்கார்ந்து எழுந்தால் அது சூடாகிக் கரைந்துவிடும்.

5 குதிப்பு ஒரு செட், 4 செட், வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. குதிப்புக்குக் குதிப்பு 15 வினாடி, செட்டுக்கு செட் 3 நிமிடம். தசைக்கு உடனடி சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் முழு முயற்சிக்குப் பத்து வினாடி அளவுதான் தாங்கும், திரும்ப நிரம்ப நிமிடக்கணக்காகும். வேர்க்காது, மூச்சு வாங்காது, 'இதெல்லாம் ஒரு ஒர்க்கவுட்டா' என்று தோன்றும். தோன்றட்டும். ஓய்வைக் குறைத்தால் கிடைப்பது ஸ்டாமினா, பவர் அல்ல.

சரியாகச் செய்கிறோமா என்பதை மொபைல் சொல்லிவிடும். வினாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில், பாதம் தரை மட்டத்தில் தெரியும்படி எடுத்து ஃபிரேம்களை எண்ணுங்கள். தரையில் 60 ஃபிரேம் என்றால் 0.25 வினாடி. அதைத் தாண்டினால் பெட்டி உயரம் அதிகம், 20 செ.மீ.க்கு இறக்குங்கள். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள்: முன்னேற்றம் என்று பெட்டியை உயர்த்துகிறார்கள். காற்றில் 120 ஃபிரேம் என்றால் 31 செ.மீ. குதிப்பு, 144 என்றால் 44 செ.மீ. முதல் செட்டைவிட 10 ஃபிரேம் குறைந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், மிச்ச செட்டை விட்டுவிடுங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? தசையில் வேகமாகச் சுருங்கும் இழைகள் எத்தனை பங்கு என்பது ஓரளவு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. நீளம் தாண்டுதலில் மைக் பவல் 1991-இல் தாண்டிய 8.95 மீட்டரை 30 வருடத்துக்கு மேலாகியும் யாரும் தொடவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் தன் எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. முதல் சில வாரங்களில் கூடுவதில் பெரும்பங்கு நரம்புகள் பழகுவதால்தான், தசை பெருப்பதால் அல்ல.

எடை தூக்கிப் பழகாதவர்கள் முதல் 6 வாரம் ஸ்குவாட்டும், பெட்டியிலிருந்து இறங்கிச் சத்தமில்லாமல் நிற்பதும் மட்டும் செய்தால் போதும். முட்டிச்சில்லுக்குக் கீழே விரல் வைத்து அழுத்தி வலித்தால், அந்த வாரம் பெட்டியைத் தொடாதீர்கள்.