இத்தாலியில் ஆங்கில ஆசிரியர் வேலையா? கையெழுத்துப் போடும் முன்
சம்பளத்தைக் கேட்பதற்கு முன் ஒப்பந்தம் எந்த வகை என்று கேளுங்கள், ஏனென்றால் ஊழியராகச் சேர்த்தால் ஓய்வூதியப் பங்களிப்பில் பெரும்பகுதியைப் பள்ளியே கட்டும், டிசம்பரில் 13-ஆம் மாதச் சம்பளமும் வரும்; 'பார்த்தீத்தா ஈவா' என்ற சுயதொழில் பதிவு என்றால் எல்லாம் உங்கள் தலையில்தான். மணிக்கு 20 யூரோ என்றால், பிடித்தத்துக்கு முன்பா, பின்பா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, மாணவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பல தனியார் பள்ளிகளில் வகுப்புகள் அக்டோபரிலிருந்து ஜூன் வரைதான், கோடைக்குச் சேமிப்பு வேண்டும். மிலான் என்றால் முதலில் வாடகையைப் பாருங்கள். அப்புறம், இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு: 'நுல்லா ஓஸ்தா' என்ற வேலை அனுமதிக்குப் பள்ளிதான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.