கூட்டணி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் எழுத்துப்பிழை. 'கூட்டனி' என்று போஸ்டரிலேயே அச்சடித்து விடுகிறார்கள். இதற்குள் இருப்பது 'அணி'. அதனால் மூன்று சுழி 'ண'தான். 'கூட்டணிக் கட்சி' என்று எழுதும்போது நடுவில் 'க்' வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, கூட்டணி வென்றாலே 'கூட்டணி ஆட்சி' என்று எழுதிவிடுவது. 2006 தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 234 இடங்களில் திமுகவுக்குக் கிடைத்தவை 96. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸ் 34, பாமக 18 எனக் கூட்டணிக்குப் பெரும்பான்மை இருந்தது. ஆனாலும் கருணாநிதி அமைச்சரவையில் இருந்தவர்கள் எல்லாருமே திமுகவினர். மற்றவர்கள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். வென்றது கூட்டணி, நடந்ததோ திமுகவின் சிறுபான்மை அரசு. அமைச்சரவையில் பங்கு இருந்தால்தான் கூட்டணி ஆட்சி. டெல்லியிலும் இப்படித்தான்: 2004இல் இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசை ஆதரித்தார்கள், அமைச்சர் பதவி எதையும் ஏற்கவில்லை.

'கூட்டாட்சி' முற்றிலும் வேறு. அது மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை. 'மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி' என்ற திமுக முழக்கம் பல கட்சி அமைச்சரவையைக் கேட்கவில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மாநில உரிமை பற்றிய ஒரு முழு விவாதமே பதவிப் பங்கீடாகச் சுருங்கிவிடும்.

சரி, இடங்களை எண்ணும்போது? அங்கே சின்னத்தைப் பார்க்க வேண்டும். 2021இல் மதிமுகவின் 4 பேர் உதயசூரியன் சின்னத்தில் வென்றார்கள். தேர்தல் ஆணையக் கணக்கில் அவர்கள் திமுக உறுப்பினர்கள். திமுகவின் 133இல் இப்படிக் கூட்டணிக் கட்சிக்காரர்கள் 8 பேர் உண்டு. அதே தேர்தலில் பானைச் சின்னத்தில் நின்ற விசிகவின் 4 இடங்கள் தனிக் கணக்கு. '133 தவிர மதிமுக 4' என்று எழுதினால் நான்கு பேரை இரண்டு முறை எண்ணியதாகும்.

இலங்கைச் செய்தியில் இன்னொரு கவனம் தேவை. 1976இல் அந்தப் பெயரை ஏற்ற 'தமிழர் விடுதலைக் கூட்டணி' தனிக் கட்சி. 2001இல் பல கட்சிகள் சேர்ந்து உருவாக்கியது 'தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு'. அது 2004 முதல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டது. கூட்டமைப்பைக் கூட்டணி என்று மாற்றி எழுதினால் யாழ்ப்பாண வாசகர் வேறு கட்சியை நினைத்துக்கொள்வார்.